கார்டு இல்லாத நாற்பத்தொரு சீட்டுகள்

1993 நவம்பர் 18, வியாழக்கிழமை. காலை 6.40.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி வந்த முதல் பஸ் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. பாதையை அடைத்துக்கொண்டு ஒரு வாடகை ஜீப் நின்றிருந்தது. அதன் மூக்கு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. டிரைவர் ஸ்டீயரிங் மேல் தலை வைத்திருந்தான். அடிவாரம் முழுவதும் கேட்கும்படி ஹார்ன் அடித்தும் அவன் அசையவில்லை.

"ராத்திரிப் போட்டது இன்னும் எறங்கலையாட்டம் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் கண்டக்டர். தோளைத் தொட்டவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஏனுங்க, ஆஸ்பத்திரியில வேலை செய்யற பொண்ணு ஒண்ணு ஏறுச்சே, அதை எறங்கச் சொல்லுங்க!"

லூர்துசெல்வி இறங்கினாள். இருபத்தேழு வயது. நாகலூர் பாதையிலிருக்கும் செங்குன்று மாதா ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்கச் சேலம் போய், அத்தை வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாடியைத் தேடினாள். கழுத்து மலைக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தது.

மாரமங்கலம் அங்கப்பன். வயது இருபத்து நான்கு. எப்போதும் விசிலடித்துக்கொண்டே வளைவுகளை ஒடிக்கிறவன்.

அவனுடைய சட்டைப் பையில் மூன்று காகித உறைகள் துருத்திக்கொண்டிருந்தன. மாத்திரை உறைகள். செங்குன்று மாதா முத்திரை. மேலே நீல மையில் பெயர்கள். லூர்துசெல்வி தன் கையெழுத்தைத் தானே படித்தாள்.

கண்டக்டரும் படித்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "எடுத்துரு கண்ணு. போலீஸ் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. நான் பார்க்கலை."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இருக்கட்டுங்க. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

காலை 11.15. ஆஸ்பத்திரி மருந்தறை.

சப்-இன்ஸ்பெக்டர் வேலுசாமி மேசைமேல் மூன்று உறைகளையும் வரிசையாக வைத்தார். மூன்றும் காலி. உடம்பில் காயம் எதுவும் இல்லை. வண்டியில் பிராந்தி பாட்டில் ஒன்று இருந்தது. தூக்க மாத்திரையும் பிராந்தியும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கையெழுத்து யாருதும்மா?"

"என்னுதுதானுங்க."

"சடையன் யாரு?"

"தெரியாதுங்க."

"வீராயி?"

"தெரியாதுங்க."

"குப்பாயி ரெண்டு. இதென்ன ரெண்டு?"

"சீட்டுல அப்படி இருந்துச்சுங்க. ரெண்டாந்தடவை வாங்குறாங்கன்னு நெனைச்சேன்."

"உறையில பேருக்குக் கீழே 'புதியவர்'னு நீயே எழுதியிருக்கே. ரெண்டாந்தடவை வர்றவ எப்படிம்மா புதுசு?"

லூர்துசெல்வி உறையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை எட்டு மாதத்துக்கு முன்பே அவள் தன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

வேலுசாமி மூலையில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று கொடுத்தது. இரண்டு வருடங்களாக ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் அவள் அதில் ஏற்றி வந்தாள். யாருக்கு, எந்த மருந்து, எத்தனை, எந்தத் தேதி. மாதக் கடைசியில் பிரிண்டர் கரகரவென்று பட்டியல் துப்பும். வருடத்துக்கு முப்பதுக்கு மேல் தூக்க மாத்திரை வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அந்த நட்சத்திரத்தால் ஏற்காட்டில் நாலு பெரிய வீடுகள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தன. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது 'செல்வியோட பொட்டி'.

"பொட்டியைத் தொறம்மா. இந்த மாதிரிப் புதுசு இன்னும் எத்தனைன்னு பாப்போம்."

பிரிண்டர் நாலு நிமிடம் ஓடியது. மார்ச்சிலிருந்து நேற்று வரை, ஆஸ்பத்திரி கொடுத்த குடும்ப அட்டையின் எண் இல்லாமல், வெண்பாறை எஸ்டேட் தொழிலாளர்கள் என்று வந்த தூக்க மாத்திரைச் சீட்டுகள் நாற்பத்தொன்று. சீட்டுக்கு இருபது மாத்திரை. ஒன்றுக்கும் நட்சத்திரம் இல்லை.

"எஸ்டேட் சீட்டு இங்கே எப்படி வருது?"

அவள் சொன்னாள். புதன்கிழமை காலை டாக்டர் ஞானசுந்தரம் வெண்பாறை போவார். காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் மரியஅந்தோணி சீட்டு எழுதுவார், டாக்டர் கையெழுத்துப் போடுவார். டாக்டர் பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிறகு வருகிறவர்களுக்காக வெறும் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு அறையில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் சீட்டுக் கட்டை இங்கே கொண்டு வருவார். உறைகளை வாங்கிப் போய்த் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கொடுப்பார். மாதம் முடிந்ததும் சீட்டுகள் எஸ்டேட் ஆபீசுக்குத் திரும்பப் போய்விடும்.

"பழைய சீட்டெல்லாம் கறையான் அரிச்சுருச்சாம். ரைட்டரைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்" என்றார் வேலுசாமி. "நான் தபால்காரன் மாதிரிங்க, குடுத்ததைக் கொண்டு போவேன்னாரு. சடையன், வீராயி, குப்பாயின்னு எங்க எஸ்டேட்ல ஒருத்தருமே இல்லைன்னும் சொன்னாரு. உங்க குடும்ப அட்டைப் பெட்டியையும் பார்த்தாச்சு. இருநூத்திப் பன்னெண்டு குடும்பம். இந்தப் பேர் ஒண்ணுகூட இல்லை."

"டிரஸ்ஸர் என்னங்க சொன்னாரு?"

"'கார்டு நம்பர் இல்லாம என் கை சீட்டு எழுதாது'ன்னு மாதா மேல சத்தியம் பண்றாரு."

இந்த மாதத்துச் சீட்டுகள் மூன்று மட்டும் கைவசம் இருந்தன. டாக்டரின் கிறுக்கல் கையெழுத்துக்கு மேலே, ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அளவுகோல் வைத்து இழுத்தது போல.

"இப்படி எழுதினா அவனவன் ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது." வேலுசாமி தொப்பியை எடுத்தார். "ஏம்மா, இல்லாத ஆளுங்களுக்குச் சீட்டு. அதை உள்ளே ஏத்தினது நீ. உறையில எழுதினது நீ. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஊரை விட்டுப் போகாதே."

வெள்ளிக்கிழமை காலை 9.30.

மதர் ஃபிலோமினா ஆஸ்பத்திரியை நடத்துகிறவர். கெட்டவர் அல்லர், பயந்தவர். டைப் அடித்த ஒரு கடிதத்தை மேசையில் நகர்த்தினார். 'கணினிப் பதிவில் என் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறுகளுக்குப் பொறுப்பேற்று விலகுகிறேன்.' கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதுல போட்டுரு கண்ணு. ஜெயில் கியில்னு போகாம நான் பார்த்துக்கறேன். நாளைக்கு மத்தியானம் அந்தப் பொட்டியையும் கழட்டிடலாம். பழைய நோட்டே நமக்குப் போதும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஞானசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் அப்பவே சொன்னேன். மெஷினுக்கு மனுஷாளைத் தெரியாது."

"நோட்டுக்குத் தெரியுமாங்க டாக்டர்?"

"என்ன?"

"நோட்டுல எழுதியிருந்தா இந்த நாப்பத்தோரு சீட்டும் ஆயிரம் சீட்டுக்கு நடுவுல புதைஞ்சு போயிருக்கும். எஸ்.ஐ. நாலு நிமிசத்துல கையில வாங்கிட்டுப் போனாரே, அது எங்கிருந்து வந்துச்சுங்க?"

"செல்வி, எதிர்த்துப் பேசாதே" என்றார் மதர்.

"பேசலைங்க மதர். கையெழுத்துத்தான் போட மாட்டேன். செய்யாத தப்புக்குப் போட மாட்டேன். செஞ்ச தப்பு ஒண்ணு இருக்குது, அதை நானே கண்டுபிடிச்சு நானே சொல்றேன்."

கடிதம் மேசையிலேயே கிடந்தது.

பகல் 2.00.

கதவைச் சாத்திக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஜன்னலில் மூடுபனி வந்து முகம் வைத்துப் பார்த்தது. தன் தப்பு இன்னதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொட்டி ஆளை எண்ணால்தான் அடையாளம் காணும். சுற்றுலா வந்து அடிபட்டவர், அவசரத்துக்கு வந்தவர் என்று எண் இல்லாதவர்களுக்காக 'புதியவர்' என்ற வாசலை வைத்தது அவள்தான். அந்த வாசலில் நுழைகிறவர் எத்தனை முறை நுழைந்தாலும் அன்றைக்குத்தான் பிறந்தவர். நட்சத்திரம் எப்படி விழும்?

யாரோ அந்த வாசலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நாற்பத்தொரு பெயர்களையும் தேதிப்படி வரிசையாக்கி அச்சடித்தாள். தாளைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, பென்சிலோடு படித்தாள். ஐந்தாவது, சடையன். ஆறாவது, வீராயி. ஏழாவது, குப்பாயி 2. எட்டாவது, மொட்டையன். பதினேழாவது பெயரோடு ஒரு சுற்று முடிந்தது. பதினெட்டிலிருந்து மறுபடி முதல் பெயர். முப்பத்தைந்திலிருந்து இன்னொரு சுற்று. அதே வரிசை. ஒருமுறைகூட முன்பின் மாறவில்லை. கடைசி மூன்று, நேற்று முன்தினம் வந்தவை: சடையன், வீராயி, குப்பாயி 2.

அவள் பென்சிலைக் கடித்தாள். மனசிலிருந்து பொய்ப் பெயர் எடுக்கிறவனுக்கு வரிசை மாறும். ஒருமுறை வீராயி முன்னால் வருவாள், ஒருமுறை பின்னால் வருவாள். வரிசை பிசகவில்லை என்றால் அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு காகிதம் இருந்திருக்கிறது. பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் காகிதம்.

அப்படியானால் இவர்கள் இல்லாதவர்கள் இல்லை. எங்கேயோ, யாருடைய ஏட்டிலோ, இருக்கிறார்கள்.

சர்ச் ஏட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரி அட்டை வந்தது, அதில் இல்லை. எஸ்டேட்டில் வேறென்ன ஏடு உண்டு?

சனிக்கிழமை காலை 7.05. வெண்பாறை எஸ்டேட்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். காய்க்களத்தில் கூடையும் கோணிப்பையுமாகத் தொழிலாளர்கள் நின்றார்கள். பனியில் தலைகள் மட்டும் மிதந்தன. லூர்துசெல்வி பழக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டாள். பக்கத்தில், மஃப்ளர் சுற்றிய வேலுசாமி.

"எதுக்கும்மா என்னை இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்தே?"

"காதை மட்டும் வெச்சுக்கிட்டு நில்லுங்க சார்."

ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் ஆபீஸ் படியில் ஏறினார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம். அவர் கையில் தோல் அட்டை போட்ட நீளமான ஏடு. தினமும் வேலைக்கு வந்தவர்களைக் குறித்துக்கொள்ளும் செக்ரோல். குனிந்து, மூச்சு விடாமல், ஜெபமாலை சொல்லுகிற வேகத்தில் படித்தார். ஏழெட்டுப் பெயர்கள் போயின.

"சடையன்!"

"இருக்கேனுங்க." குரல் சர்ச்சில் மணியடிக்கும் கோயில் பிள்ளை மரியதாசினுடையது.

"வீராயி!"

"இருக்கேனுங்க."

"குப்பாயி ஒண்ணு!"

"இருக்கேனுங்க."

"குப்பாயி ரெண்டு!"

"இருக்கேனுங்க." சொன்னது முழங்கால் வலிக்கு மாதாமாதம் வருகிற தெரசம்மாள். அட்டை எண் நூற்றுப் பதினெட்டு.

வேலுசாமி மஃப்ளரைக் காதிலிருந்து இறக்கினார்.

பகல் 11.00. மருந்தறை.

இரண்டு பெஞ்சுகள். மதர், டாக்டர், டிரஸ்ஸர் மரியஅந்தோணி, ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ். கதவருகே தெரசம்மாள், வேலை நாளில் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல்.

"ரைட்டரே, இந்தம்மா பேரென்ன?" என்று கேட்டார் வேலுசாமி.

"தெரசம்மாளுங்க."

"வேற பேரு ஏதாச்சும்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

லூர்துசெல்வி திரும்பாமல், மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடியே குரல் கொடுத்தாள்.

"குப்பாயி ரெண்டு!"

"இருக்கேனுங்க!" என்றாள் தெரசம்மாள். பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். "பழக்க தோசமுங்க."

டிரஸ்ஸர் சிரித்துவிட்டார். ரைட்டர் சிரிக்கவில்லை.

"எப்படிக்கா உங்களுக்கு ரெண்டு பேரு?" லூர்துசெல்வி கேட்டாள்.

"பதினாறு வயசுல எஸ்டேட்ல பேர் பதிஞ்சாங்க கண்ணு, அப்ப குப்பாயி. பொறவு கண்ணாலத்துக்கு முன்னால ஞானஸ்நானம் வாங்குனேன். சாமியாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரசம்மா. எஸ்டேட்டுக்குக் குப்பாயிதான். பேரை மாத்துனா பி.எஃப். போயிருமுன்னு ஒருத்தரும் மாத்துறதில்லை. நொம்பப் பேருக்கு இப்படித்தானே?"

"தூக்க மாத்திரை எத்தனை வாங்குனீங்க?"

"தூக்க மாத்திரையா! நாள் பூரா பழம் பறிச்சுட்டு வந்தா ஊட்டுக்குள்ள கால் வைக்கையிலயே தூக்கம் வந்துருது, அதுக்கு மாத்திரை வேறயா?"

வேலுசாமி ரைட்டரைப் பார்த்தார். "குப்பாயின்னு யாருமே இல்லைன்னீங்க. காலையில நீங்களே ரெண்டு குப்பாயியைக் கூப்பிட்டீங்க."

ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "ஞாபகப் பிசகுங்க. ஆனா குப்பாயின்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். டிரஸ்ஸருக்குத் தெரியும். அவரும் எழுதியிருக்கலாமில்லே?"

"அந்தோணி அண்ணா, நீங்க இவங்களை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள் லூர்துசெல்வி.

"குப்பாயக்கான்னு. சில நாளைக்குத் தெரசக்கா."

"ரெண்டுன்னு கூப்பிட்டதுண்டா?"

"மனுசியப் போய் ரெண்டுன்னு யாராச்சும் கூப்பிடுவாங்களா? செத்துருவேன், கூடைய எடுத்து அடிக்கும் அக்கா."

"அதான்." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "லைன்ல ஒரு குப்பாயி இருக்காங்க, இன்னொரு குப்பாயி இருக்காங்க. ஆனா குப்பாயி ரெண்டு எங்கேயும் இல்லை, ஒரு ஏட்டைத் தவிர. ஒரே பேர்ல ரெண்டு ஆள் வந்தா ஒண்ணு, ரெண்டுன்னு போடறது செக்ரோல் வழக்கம். நான் அந்த ரெண்டை ரெண்டாந்தடவைன்னு நெனைச்சேன். எஸ்.ஐ. கேட்டப்போகூட எனக்கு உறைக்கலை. அது தடவை இல்லீங்க, பேரோட வால். எழுத்தை அளவுகோல் வெச்சு மாத்தலாம். இருபத்திரண்டு வருசமா கையில ஊறுன வாலை வெட்ட முடியலை."

அவள் பட்டியலை ரைட்டரின் மடிமீது விரித்தாள்.

"வரிசையும் உங்க ஏட்டு வரிசை. ஏன் செக்ரோல் பேரா எடுத்தீங்கன்னும் சொல்றேன். ஆஸ்பத்திரிப் பேர்ல எழுதினா நம்பர் கேக்கும், நட்சத்திரம் விழும். பொட்டிக்குத் தெரியாத பேரா வேணும். அதே சமயம் கேள்வி வந்தா நெசமான ஆளாவும் இருக்கோணும். டாக்டரோட வெறும் கையெழுத்துச் சீட்டு அந்த அறையில கிடக்குது. கட்டைக் கொண்டு வர்றதும் நீங்க, உறையை வாங்கிப் போறதும் நீங்க. அந்தோணி அண்ணன் எழுதுன சீட்டோட நாலு சீட்டுச் சொருகறது பெரிய வேலையா?"

கான்ஸ்டபிள் செக்ரோலோடு உள்ளே வந்தார். வேலுசாமி விரலை வைத்து, ஏட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பதினேழு பெயர், அதே வரிசை. ஏட்டில் இடையிடையே தாண்டப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலும் அதே பெயரில் எண் வைத்திருந்தவர்கள்.

ஸ்தனிஸ்லாஸ் பட்டியலை மடியிலிருந்து தள்ளினார். பேசியபோது குரலில் வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"ஏரிக்கரை லாட்ஜுல மாத்திரை கேட்டாங்க, நல்ல காசும் குடுத்தாங்க. அங்கப்பன் கொண்டு போய்க் குடுப்பான். அவனே முழுங்குவான்னு யாரு கண்டா? இந்தப் பொட்டி வர்றதுக்கு முன்னால..." நிறுத்திக்கொண்டார்.

"முன்னால என்னங்க?" என்றாள் லூர்துசெல்வி. "முன்னால எத்தனை வருசம்?"

வேலுசாமி எழுந்தார். "அதை ஸ்டேஷன்ல கேட்டுக்கறேன்."

ரைட்டரை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் போன பிறகு மதர் அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோ கண்ணு. ஆனா இவ்வளவு பாடுபட்டது போதும். இனி இந்த வம்பே வேண்டாம். அந்தப் பொட்டியைக் கழட்டிடலாம்."

"அதான் நல்லது" என்றார் டாக்டர், எழுந்தபடி. "சரி, வெளியே கூட்டம் நிக்குது. ஜன்னலைத் திற. நான் கையெழுத்துப் போட்ட பேட் அங்கே இருக்கு பார்."

லூர்துசெல்வி அந்த பேடை எடுத்தாள். மேலிருந்து பதினெட்டுத் தாள்களில் மருந்து இல்லை, பெயர் இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. அவர் கண்ணெதிரே பதினெட்டையும் கிழித்தாள். மீதியை அவர் முன் வைத்தாள்.

"என்ன பண்றே நீ?"

"பொட்டி இங்கேதாங்க இருக்கும். 'புதியவர்'ங்கிற வாசலை நான் சாத்தியாச்சு. அது என் தப்பு, ஒத்துக்கறேன். இனிப் புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல நம்பர், அப்புறந்தான் மருந்து. ஒவ்வொரு அட்டையிலயும் ரெண்டு பேரையும் எழுதப்போறேன். இந்த வெறும் கையெழுத்து உங்க தப்புங்க டாக்டர். பேரும் நம்பரும் மருந்தும் எழுதுன பொறவு கையெழுத்து. வெறும் சீட்டு இனி இந்த ஜன்னலுக்குள்ள வராது."

"எனக்கே சட்டம் சொல்றியா? முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு!"

"ஆமாங்க. ஒரு உசிரு போயிருக்குது."

வெளியே யாரோ ஜன்னல் பலகையைத் தட்டினார்கள். ஒரு குழந்தை அழுதது.

"நாற்பது பேர் வரிசையில நிக்கிறாங்க செல்வி" என்றார் டாக்டர்.

"நிக்கட்டுங்க" என்றாள் அவள். "நானும் நிக்கிறேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. டாக்டர் ஞானசுந்தரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தார்.